ஐந்து ரோட்டில் உதவிய அண்ணனுக்கு நன்றி

எங்கள் கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினால் ஃபேன் லேசாகச் சுற்றி நின்றுவிடும். உள்ளே இருக்கும் முக்கிய போர்டான மதர்போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். தங்கையின் ப்ராஜெக்ட் முழுக்க அதில்தான் இருந்தது. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் சிபியூவோடு நின்ற என்னிடம், ஏதோ பார்ட்ஸ் வாங்க வந்திருந்த நீங்கள்தான் "பவர் சப்ளையைப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டீர்கள். கடைக்காரரிடம் வோல்டேஜ் பார்க்கும் மீட்டர் வாங்கி, பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, சப்ளை தனியாக ஓடும்படி பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சின்னக் கம்பியால் இணைத்து, மஞ்சள் வயரில் வைத்துக் காட்டினீர்கள். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 கூட இல்லை. 11.4க்குக் கீழே போனாலே ஆகாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். புது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, மாட்டியதும் மெஷின் உடனே ஓடியது. அப்புறம் டீக்குக்கூட நிற்காமல் ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டீர்கள். அந்த மனசு எல்லோருக்கும் வராது. ப்ராஜெக்டைக் கொடுத்தாயிற்று அண்ணா, ரொம்ப நன்றி.