அந்தக் கதையை இனி மேடையில் சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃபிரடெர்னிட்டி’ எனப்படும் மாணவர் சகோதரக் கழகங்களில் இளமையைக் கழித்த தன்பாலீர்ப்பு ஆண்கள், நடுவயதில் அந்த நாட்களைத் திரும்பிப் பார்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது அமெரிக்கா மறந்துபோய், 1989 முதல் 1992 வரை கோயம்புத்தூரில் நான் தங்கிப் படித்த கல்லூரி விடுதியின் இரண்டாம் மாடி வராந்தாதான் கண்முன் நின்றது. நானும் தன்பாலீர்ப்பு ஆண்தான். எனக்கு வயது 53. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். கட்டுரை பேசாமல் விட்ட நம் ஊர் விடுதிகளைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிக்கொள்ளும் அந்தக் கழகங்களின் வழக்கம், 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா சங்கத்திலிருந்து வருகிறது. ஏற்கெனவே உள்ளவர்கள் ஒரு புதிய மாணவனோடு பழகிப் பார்த்து, கூடிப் பேசி ஏற்றுக்கொண்டால்தான் அவன் ‘சகோதரன்’ ஆகிறான். அதற்குப் பிறகு உறுதிமொழி எடுக்கிறான், பெரும்பாலும் ஒரே வீட்டில் வாழ்கிறான், படிப்பு முடிந்த பின்னும் அந்த உறவை விட்டுவிடுவதில்லை. ஆகவே, அங்கே தன்னை மறைத்துக்கொண்டு வாழ்ந்தவனை வாட்டியது, தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களே தன்னைக் கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சம். தன்பாலீர்ப்பு ஆண்கள் 1986இல் வாஷிங்டன் நகரில் டெல்டா லாம்ப்டா ஃபை என்று தங்களுக்கென ஒரு கழகத்தைத் தொடங்கியதன் பின்னணியில் இந்த அச்சமும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சேர்க்கைப் பட்டியலின் வரிசைப்படி வார்டன் அறைக்கு நான்கு பேரைப் போட்டார். தருமபுரிக்காரர் ஒருவர், தாராபுரத்துக்காரர் ஒருவர், நீலகிரித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் ஒருவர், எல்லைக்கு அப்பாலிருந்து வேலந்தாவளம் வழியாக டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கிய நான். யாரும் சேர்த்துக்கொள்ளாத இடத்திலிருந்து யாரும் தள்ளிவிட முடியாதல்லவா? அதனால் எங்கள் அச்சம் தோழர்களைப் பற்றியதாக இல்லை. கல்லூரியிலிருந்து வீட்டுக்குத் தந்தி போகும், அப்பா வந்து நிற்பார் என்பதுதான் எங்கள் அச்சம். அமெரிக்க நண்பர்களின் நினைவுகளுக்கும் எங்கள் நினைவுகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடாக எனக்குப் படுவது இதுவே. அவர்கள் நினைவில் சகோதரர்களின் முகம் வருகிறது. எங்கள் நினைவில் விடுதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நிற்கும் தகப்பனாரின் முகம் வருகிறது.

அந்த மூன்று ஆண்டுகளும் துயரமாகவே கழிந்தன என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரே கட்டிலில் மூன்று பேர் குறுக்கே படுத்து ரேடியோ கேட்போம். ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்வோம். சினிமாவுக்குப் போகும்போது தோள்மேல் கைபோட்டு, சில நேரம் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டுகூட நடப்போம். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை, மச்சான், பங்காளி என்று எல்லா உறவுமுறைகளையும் எங்களுக்குள்ளேயே வைத்திருந்தோம். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, தாராபுரத்து நண்பர் பதினோரு நாள் மெஸ் சமையல்காரரிடம் தனியாகக் கஞ்சி வைக்கச் சொல்லி எடுத்துவந்து ஊட்டினார். அவர்மீது எனக்கு இருந்ததைக் காதல் என்று இன்று என்னால் சொல்ல முடியும். அன்று அதற்கு என்னிடம் சொல் இல்லை. எல்லாரும் எல்லாரோடும் ஒட்டி உறவாடிய இடத்தில், என் மனத்தில் இருந்தது வேறு என்று யாருக்கும் தெரியவில்லை. நீண்ட நாள் எனக்கே தெரியவில்லை. எனக்கு நிழலாக இருந்த அந்த நெருக்கமே என்னை என் கண்ணிலிருந்தும் மறைத்தது.

இன்று என் பள்ளியில் இரண்டு பையன்கள் தோள்மேல் கைபோட்டு நடந்தால், பின்னால் வருபவன் ‘கே’ என்று கத்துகிறான். இதனால்தான், இந்தச் சொற்களெல்லாம் வராமலே இருந்திருந்தால் பிள்ளைகளின் நட்பு கெடாமல் இருந்திருக்கும் என்று என் வயதையொத்த பலர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல் இல்லாத காலத்தில் நடந்த ஒன்றை நான் பார்த்திருப்பதால், அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, தென்மாவட்டத்திலிருந்து முதலாண்டு சேர்ந்த தம்பி ஒருவர் எங்கள் மாடியில் இருந்தார். வேதியியலில் சந்தேகம் கேட்க என்னிடம் வருவார். வாய்நிறைய ‘அண்ணா’ என்று கூப்பிடுவார். அவர் தம் வகுப்புத் தோழர் ஒருவருக்கு எழுதி, நோட்டுக்குள் வைத்திருந்த கடிதம் வேறொருவர் கையில் சிக்கியது. அன்றிரவு மெஸ்ஸில் பெஞ்சின்மேல் ஏறி நின்று ஒருவர் அதை உரக்கப் படித்தார். மறுநாள் வார்டன் தந்தி கொடுத்தார். அதற்கடுத்த நாள் காலை, வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், மகனுடைய பாயைத் தாமே சுருட்டினார். அந்தத் தம்பி பச்சை டிரங்குப் பெட்டியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு படியிறங்கியபோது, வராந்தா முழுவதும் மாணவர்கள் வரிசையாக நின்று ஓர் எண்ணைச் சொல்லிக் கூவினார்கள். எந்த எண் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். நான் கூவவில்லை. கூவாமல் இருந்ததைப் பெரிய காரியமாகப் பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்கிவிட என்னால் முடிந்திருக்கும். எனக்கு அதற்குத் தைரியம் இல்லை. அவர் திரும்பி வரவில்லை, ஆண்டுத் தேர்வும் எழுதவில்லை.

2017இல், கல்லூரியில் ஒன்றாகப் படித்து முடித்த எங்கள் அணியின் வெள்ளிவிழாச் சந்திப்பு நடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் தனியாகப் போனேன். விடுதி நினைவுகளைப் பகிரும் நேரத்தில் ஒரு நண்பர் மேடையேறி, அந்தத் தம்பியின் கதையைக் குரல் மாற்றி நடித்துச் சொன்னார். கடிதத்தின் இரண்டு வரிகள் அவருக்கு அப்படியே நினைவிருந்தன. மண்டபமே சிரித்தது. நண்பர்களின் பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் யாரேனும் ஒருவர் தம்மைப் பற்றி எதையோ உணரத் தொடங்கிய வயதில் அங்கே உட்கார்ந்திருந்திருந்தால், தம் தகப்பன் எதற்குச் சிரிக்கிறார் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலேயே தாராபுரத்து நண்பர் வந்தார். கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, “எனக்கு எப்பவோ தெரியும்டா, நீயாச் சொல்லுவேன்னுதான் இருந்தேன்” என்றார். இருபத்தைந்து ஆண்டுகள் அவரும் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். அமெரிக்க நண்பர்கள் சிலர், தாங்கள் அஞ்சிய சகோதரர்களே பின்னாளில் தங்கள் பக்கம் நின்றதாகச் சொல்லியிருப்பதைத் தங்கள் கட்டுரையில் படித்தபோது, நான் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 6ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கப் பயன்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை, வயதுவந்தோர் மனமொப்பி வாழும் உறவுக்குப் பொருந்தாது என்று விலக்கியது. ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்த அந்தப் பிரிவு 1860இல் வெள்ளையர் எழுதியது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியதையும் 2013இல் உச்ச நீதிமன்றமே திரும்பக் கட்டியதையும் பார்த்திருந்ததால், தீர்ப்பு வரும்வரை நான் எதையும் நம்பவில்லை. கேரளத்தின் பெருவெள்ளம் வடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நிவாரணத்துக்குச் சேர்ந்த அரிசியையும் போர்வைகளையும் பள்ளியில் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போது தாராபுரத்திலிருந்து போன் வந்தது. இந்தச் சமூகத்தாரிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்ற பொருளில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதியிருந்ததை நண்பர் படித்துக் காட்டினார். ‘குடும்பத்தாரிடமும்’ என்ற சொல்லைக் கேட்டதும், பாய் சுருட்டிய அந்தப் பெரியவர்தான் என் நினைவுக்கு வந்தார். அவரும் அன்று அவமானப்படுத்தப்பட்டவரே.

சட்டம் மாறியதால் விடுதி மாறிவிடாது என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகே 1997இல் தமிழ்நாட்டிலும் 1998இல் கேரளத்திலும் ராகிங் தடைச் சட்டங்கள் வந்தன. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்குமான விதிமுறைகளை வகுத்தது. அந்த விதிமுறைகளில் 2016இல் செய்த திருத்தத்தைப் பலர் கவனித்ததாகத் தெரியவில்லை. நிறம், மதம், சாதி, பாலினம் முதலியவற்றோடு பாலீர்ப்பின் காரணமாகவும் மொழி அடையாளத்தின் காரணமாகவும் ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங் குற்றமே என்று அது சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தவர்கள் எங்களைப் போன்ற எல்லையோரத்துக்காரர்களை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வாக்கியம் என் வாழ்க்கைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. பாலக்காட்டுக்குப் போனால் நான் ‘பாண்டி’, கோயம்புத்தூருக்கு வந்தால் ‘மலையாளத்தான்’. இந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தபோது என்னால் முறைத்துத் திருப்பிப் பேச முடிந்தது, அறைத்தோழர்களும் எனக்காகப் பேசினார்கள். மற்றதற்கு யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

காவல்துறை, கல்விக்கூடங்கள் முதலானவற்றுக்குச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தந்த வழிகாட்டுதல்கள் தமிழ்நாட்டுப் பக்கம் பெரிய துணை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைத் தாண்டி இரண்டு பக்கமும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இருபுறமும் பொருந்துவது மானியக் குழுவின் அந்த வாக்கியமே. ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர் வரவேற்பு நாளில், பெற்றோரும் அமர்ந்திருக்கும்போதே, அதைத் தமிழிலும் மலையாளத்திலும் முழுமையாக வாசிக்குமாறு இரு மாநிலக் கல்லூரி முதல்வர்களையும் கேட்டுக்கொள்கிறேன். சுவரொட்டியாக ஒட்டினால் போதாது. வார்டன் தம் வாயால் சொல்ல வேண்டும். ஒரு மாணவருடைய அந்தரங்கம் வெளிப்பட்டுவிட்டது என்ற காரணத்துக்காக, அவரைக் கேட்காமல் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் வழக்கத்தையும் வார்டன்கள் கைவிட வேண்டும். இன்று தந்தி இல்லை, போன் இருக்கிறது. காரியம் இன்னும் விரைவாக முடிந்துவிடும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை முழுவதும் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற சொல்லே வந்திருந்தது. கஞ்சி ஊட்டிய கையையும், இருபத்தைந்து ஆண்டு மௌனத்தையும், ஒரு முதலாண்டு மாணவரின் கடிதத்தையும் ‘சேர்க்கை’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பது சரியாகாது. நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கான சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது. ஆசிரியர் குழு அதைக் கையருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்னாள் மாணவர் சந்திப்புகளை நடத்தும் நண்பர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் அணியில் நிச்சயம் என்னைப் போன்ற ஒருவர் இருந்திருப்பார். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வேலை இருக்கிறது என்று பதில் அனுப்பியிருப்பார். எங்கள் அணி வரும் பொங்கல் விடுமுறையில் மறுபடியும் கூடுகிறது. அந்தக் கதையை இனி மேடையில் சொல்ல வேண்டாம் என்று அமைப்பாளருக்கு எழுதிவிட்டேன். சொல்லியே ஆக வேண்டுமென்றால், வராந்தாவில் நின்ற ஒருவன் அதை எப்படிப் பார்த்தான் என்று நானே சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். தாராபுரத்து நண்பர் என்னோடு வருகிறார். வீட்டில் என் தாயாருக்கு 81 வயதாகிறது; அவருக்கு நானே நேரில் சொல்லும்வரை என் பெயரை வெளியிடாமல் இருக்க வேண்டுகிறேன்.

அந்தத் தம்பி இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தங்கள் நாளிதழ் தென்மாவட்டங்களிலும் வெளியாகிறது என்பதால் இதை இங்கே எழுதுகிறேன். தம்பி, நீங்கள் பெட்டியோடு இறங்கிய அன்று, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நின்றது நான்தான். நீங்கள் விட்டுச்சென்ற வேதியியல் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.