லண்டன்லயே குடுக்குறாங்களாம், அப்போ இங்கயும் குடுக்கலாமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாக்டர் சீட்டு இல்லாம மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் விக்கிறத பத்தி யாராவது வாய தொறந்தா போதும், "இங்கிலாந்துலயே மருந்துக்கடைல நேரா குடுக்குறாங்க, இங்க மட்டும் தப்பா?"ன்னு ஒருத்தர் கெளம்பி வந்துடுறாரு. அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதான் வம்பே.

2024 ஜனவரி 31ல இருந்து அங்க பார்மசி பர்ஸ்ட்னு ஒரு திட்டம் நடக்குது, டாக்டர பாக்காமலே பார்மசிஸ்ட்டு சில ஆன்டிபயாடிக் குடுக்கலாம். ஆனா மொத்தம் ஏழு பிரச்சனைக்குத்தான், தொண்டை வலி, காது வலி, சைனஸ், பூச்சி கடிச்சு சீழ் வச்சது, குழந்தைங்களுக்கு வர்ற தோல் புண்ணு, அக்கி, பொம்பளைங்களுக்கு வர்ற நீர்க்கடுப்பு. அக்கிக்கு குடுக்கறது வைரஸ எதிர்க்கற மருந்து, ஆன்டிபயாடிக் இல்ல, அத விட்டா ஆறுதான். தொண்டை வலின்னு போனா உள்ள தனி ரூம்ல உக்கார வச்சு காய்ச்சல் இருக்கா, டான்சில்ல சீழ் இருக்கா, இருமல் சளி இருக்கான்னு பாத்து மார்க் போடுறாங்க, மார்க் கம்மின்னா மாத்திரை கெடையாது, வலிக்கு ஏதாச்சும் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீர்க்கடுப்புன்னா 16 வயசுல இருந்து 64 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களுக்கு மட்டும், கர்ப்பிணின்னா டாக்டர்கிட்ட போகணும், ஆம்பளைங்களும் அப்படித்தான். என்ன குடுத்தாங்கன்னு அவங்க டாக்டருக்கும் தகவல் போயிடும்.

நம்ம ஊருல என்ன நடக்குது? "அண்ணே சளி காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க" அவ்ளோதான். கவுன்டர்ல நிக்கிற பையன் கத்திரிக்கோல எடுத்து அட்டைல ரெண்டு அஜித்ரோ, அதான் அஜித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக், வெட்டி, ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரைன்னு கவர்ல போட்டு குடுத்துடுறான், பில்லும் கெடையாது. அலர்ஜி இருக்கா, கர்ப்பமா, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு கேள்வி வராது. பார்மசிஸ்ட்டோட சர்டிபிகேட் மட்டும் சாமி படத்துக்கு பக்கத்துல தொங்கும், ஆள காணோம். 1948லயே பார்மசி சட்டம் வந்தாச்சு, பதிவு பண்ண பார்மசிஸ்ட்டு தவிர வேற யாரும் சீட்டு பாத்து மருந்து குடுக்கக்கூடாதுன்னு. இங்க சீட்டும் இல்ல, பார்மசிஸ்ட்டும் இல்ல.

சீட்டு இருந்தாத்தான் விக்கணும், வித்ததுக்கு கணக்கும் வைக்கணும்னு சொல்ற மருந்துங்களுக்கு ஹெச்1 பட்டியல்னு ஒன்னு 2014 மார்ச்ல இருந்து இருக்கு. செஃபிக்ஸைம், லீவோஃப்ளாக்ஸசின், டிபி மருந்தெல்லாம் அதுல வரும், வித்தா எழுதிக்குடுத்த டாக்டர் பேரு, நோயாளி பேரு, எத்தன மாத்திரைன்னு நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். லீவோஃப்ளாக்ஸசின் ஏன் முக்கியம்னா, ரெண்டு மூணு வாரமா இருமுறவருக்கு அத குடுத்தா டிபியா இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அடங்குன மாதிரி இருக்கும், டெஸ்ட் எடுக்கறது தள்ளிப்போகும், அதுக்குள்ள வீட்ல இருக்கறவங்களுக்கும் பரவிடும். இதுல ஒரு ஓட்டை, இங்க கைக்கு கை போற அஜித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும் 2014ல போட்ட அந்த பட்டியல்ல இல்ல, சாதா ஹெச் பட்டியல்லதான். சீட்டு வேணும்தான், ஆனா ஹெச்1 நோட்டுல ஏறாது.

கடைக்காரர மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லங்க. கூலி வேலைக்கு போறவங்க டாக்டர பாக்க ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு, பீஸும் குடுத்துட்டு, அங்கயும் கடைசில அதே அஜித்ரோதான் எழுதிக்குடுக்குறாங்கன்னா அடுத்த தடவ அவங்க ஏன் டாக்டர்கிட்ட போகப்போறாங்க? கேரளால 2024ல சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்கிறவங்கள பிடிக்க ஆபரேஷன் அம்ருத்னு கடை கடையா ரெய்டு போனாங்க, நல்லதுதான். ஆனா கதவ அடைக்கிறப்போ ஏழைக்கு வேற ஒரு வழியும் காட்டணும்.

இங்கிலாந்து மாதிரி வேணும்னா முழுசா கொண்டு வாங்க, நான் எதிர்ப்பு இல்ல. 2025 பிப்ரவரில ஆயிரம் முதல்வர் மருந்தகம் தொறந்தாங்கள்ல, அதுல பார்மசிஸ்ட்டு நெஜமாவே உக்காந்திருக்கற சில கடைய எடுத்து, அவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்து, நீர்க்கடுப்பு மாதிரி ஒன்னு ரெண்டு பிரச்சனைக்கு மட்டும் பாத்து, முழு கோர்ஸா, பில்லு போட்டு குடுக்கட்டும், டாக்டர்கிட்ட போகவேண்டியவங்கள பிஎச்சிக்கு, அதான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, எழுதி அனுப்பட்டும். மத்த கடைங்கள்ல மருந்து கட்டுப்பாட்டுத்துறை ஆளுங்க ஹெச்1 நோட்டையும் மொத்த வியாபாரி பில்லையும் பக்கத்துல வச்சு பாத்தாலே போதும், நூறு அட்டை வாங்கி பத்து அட்டைக்கு மட்டும் கணக்கு எழுதியிருந்தா தெரிஞ்சிடும்.

அந்த நோட்ட கடைசியா எப்போ அதிகாரிங்க பொரட்டி பாத்தாங்கன்னு உங்க நிருபருங்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் நாலு கடைல கேட்டு எழுதுனா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை