பழவேற்காடு: தடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சென்னையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். சொந்த ஊர் பழவேற்காட்டை ஒட்டிய ஒரு மீனவர் குப்பம். பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நண்பர்களை ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். அன்று பார்த்ததை வைத்து அரசிடம் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன்.

சென்னை மாணவர்களுக்குப் பழவேற்காடு காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ். கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணத்திலேயே போய் வந்துவிடலாம். அதனால்தான் மார்கழி, தை மாதங்களில் ஞாயிறானால் ஊர் முழுக்க கல்லூரிக் கூட்டமாக இருக்கிறது. வரட்டும், நன்றாக வரட்டும். பார்க்க எவ்வளவோ இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் இது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை என் நண்பர்கள் அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள். ஏரியில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அதைவிட அவர்களை அசரவைத்தது இருளர் பெண்கள் இறால் பிடிக்கும் விதம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையாலேயே துழாவிப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை.

மதியம் அம்மா வைத்த களி நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனோம். நான் சொல்ல வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மணல்திட்டு. அதை அறுத்துக்கொண்டு ஓடுவது முகத்துவாரம். கடல் ஏறும்போது தண்ணீர் ஏரிக்குள் வரும், இறங்கும்போது அத்தனை தண்ணீரும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இழுப்பு இன்னும் அதிகம். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து வாயை அகலப்படுத்தும், கோடையில் மணல் வந்து அடைக்கும். போன மாதம் நடந்து கடந்த இடத்தில் இந்த மாதம் பள்ளம் இருக்கலாம். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கண்ணுக்கு அது முழங்கால் ஆழத் தண்ணீர், அவ்வளவுதான். அலையடிக்கும் கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த அமைதியான தண்ணீரில் தைரியமாக இறங்குகிறார்கள்.

என் அப்பா நண்பர்களைக் கரையில் நிறுத்திக் கையை நீட்டிக் காட்டினார். "வெள்ளையா நுரை போடுற எடத்துல மண்ணு மேல இருக்கு. நடுவுல அலையே உடையாம கறுப்பா தெரியுது பாருங்க, அதுதான் ஆழம், அங்கதான் இழுக்கும்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு கல்லூரியிலிருந்து வந்திருந்த மாணவர்கள் அந்தக் கறுப்புத் தண்ணீரை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பையனுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. கத்தக்கூட நேரமில்லாமல் கடல் பக்கம் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு பைபர் படகு கரை திரும்பியது. அதிலிருந்த அண்ணன்கள் கயிற்றை வீசி அவனை இழுத்துப் போட்டார்கள். படகு பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை இல்லை. மிதவை வளையம் இல்லை. பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை.

2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் வந்தால் இன்றும் அந்தப் பேச்சு வரும். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை போட்டார்கள். அந்தச் சமயத்தில் அது சரியான முடிவு. ஆனால் தடை என்று சொல்லிவிட்டால் ஆசை போய்விடுமா? கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒளிந்து ஓட்டும் படகில் லைஃப் ஜாக்கெட்டும் கிடையாது, ஆள் கணக்கும் கிடையாது. ஏற்றுகிறவர்களைத் திட்டுவது சுலபம். முகத்துவாரம் அடைபட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, வலையும் காலியாகத்தான் வரும். அப்படிப்பட்ட மாதங்களில் வீட்டில் என்ன நிலைமை என்று மீனவர் வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

பிச்சாவரத்தில் உள்ளூர் ஆட்களே துடுப்புப் போட, லைஃப் ஜாக்கெட் மாட்டி, டிக்கெட் கொடுத்துச் சுற்றுலாத் துறை படகு விடுகிறது. இதே ஏரியின் ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையில் பூநாரைகளுக்காக அரசே விழா எடுக்கிறது. நம் பக்கத்தில் மட்டும் ஏன் முடியாது? பறவைகளுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று வனத்துறை சொன்னால் அது நியாயம். எந்தப் பக்கம், எந்த மாதத்தில் போகலாம், மோட்டார் கூடாது என்றெல்லாம் அவர்களே வரையறுக்கட்டும்.

அதற்கு முன் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. குப்பத்து இளைஞர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு, விடுமுறை நாட்களில் முகத்துவாரத்தில் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும். பலகையைச் சிமென்ட் போட்டு ஓரிடத்தில் நட்டால் பிரயோஜனம் இல்லை. வாய் நகர நகரப் பலகையும் நகர வேண்டும், அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லக் கூடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அப்புறம், பெண்களுக்குக் கழிப்பறை. என் தோழிகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. ஊரில் தெரிந்த வீடு இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்?

அடுத்த மார்கழிக் கூட்டம் வருவதற்குள், மழைக்கு முன்பே, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர், மீன்வளத் துறை, வனத்துறை, சுற்றுலாத் துறை அதிகாரிகள் குப்பத்துப் பெரியவர்களுடன் ஒரு நாள் முகத்துவாரத்துக்கே வந்து நின்று பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டியே தேதியைச் சொன்னால், அன்று கடலுக்குப் போகாமல் காத்திருப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
முதுகலை மாணவி,
பழவேற்காடு