ஒரு பூச்சு சுண்ணாம்பு

அன்புள்ள முருகேசா,

நலம்தானே? இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. சின்னவன் பன்னிரண்டாவது தேறிவிட்டான், மார்க்கை மட்டும் கேட்காதே.

போன வாரம் போனில் பேசும்போது, "இங்க கேரளாவுல, பாலக்காட்டுச் சித்தூர்ல கள்ளுக்கடைக்கு நம்பர் போட்டு போர்டே மாட்டியிருக்காங்கடா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. நம் ஏழுமலை பெரியப்பா மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். கள்ளு கேஸ்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நமக்கு நுங்கு வெட்டிப் போட்டவரேதான். வயது அறுபத்தெட்டு ஆகிறது, இன்னும் ஏறுகிறார். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறி ஏறி நெஞ்சு நடுவில் காய்த்துப்போயிருக்கும், நாம் விரலால் தட்டிப் பார்ப்போமே, அது இப்போது கட்டை மாதிரி இருக்கிறது.

விடியற்காலை போலீஸ்காரர்கள் தோப்புக்கு வந்திருக்கிறார்கள். பதினோரு கலயம். ஒன்பதில் பதநீர், இரண்டில் கள். இரண்டில் சுண்ணாம்பு தடவாமல் விட்டது உண்மைதான், அவரே மறைக்கவில்லை. உடம்பு வலிக்கு ஒன்று, கேட்டு வரும் இரண்டு கிழவர்களுக்கு ஒன்று. ஆனால் பதினொன்றையும் உடைத்தார்கள். அப்புறம் ஒரு ஆளை மேலே ஏறச் சொல்லி, நீர் சொட்டும் பாளைகளையும் வெட்டிப் போட்டார்கள். கலயம் போனால் வேறு வாங்கலாம். பாளை போனால் அந்த மரத்தில் இந்த வருஷத்துச் சம்பாத்தியம் போச்சு.

யோசித்துப் பார். மரமும் பாளையும் ஒன்று, சொட்டுகிற நீரும் ஒன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது பதநீர், ரோட்டோரம் வைத்து விற்கலாம். பூசாமல் விட்டால் நாலைந்து மணி நேரத்தில் தானாக நுரைத்துவிடும், அது குற்றம். பூச்சு கொஞ்சம் லேசாக விழுந்து, அன்றைக்கு வெயிலும் ஏறினால், பதநீரே பாதி வழியில் புளிக்கத் தொடங்கும். அப்போது அது எந்தப் பக்கம்? வந்து நிற்கிறவர் முகர்ந்து பார்த்துச் சொல்வதுதான் சட்டம்.

மதுவிலக்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. என் சின்ன மாமா குடித்தே போனதை நீயும் பார்த்தாய். 1921இல் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். அவர்கள் எண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் இன்று யார் மாட்டுகிறார்கள் என்று பார். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. 2003இல் பாட்டில் சரக்கின் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் எடுத்துக்கொண்டது. 2023-24இல் அதிலிருந்து வந்த வருமானம் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நம் ஊர் முக்குக் கடையில் நாற்பத்திரண்டு சதவீதம் ஆல்கஹால் பகலிலேயே கிடைக்கும். பியர் அளவுக்குத்தான் ஏறும் கள்ளுக்கு, ஏறி இறக்கியவர் கோர்ட்டில் நிற்கிறார். பனை நம் மாநில மரம் என்பதை இந்த இடத்தில் நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கள்ளிலும் கலப்படம் உண்டு என்பாய். உண்டுதான், உன் பக்கத்திலேயே மாத்திரை கலந்து பிடிபடுகிறார்களே. அதற்குக் கலப்பவனைப் பிடிக்க வேண்டும், மரத்தை அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். பாட்டில் வாங்கக் காசில்லாதவன் எங்கே போவான் என்று அப்போது இரண்டு நாள் எல்லாரும் பேசினோம். பிறகு வழக்கம்போல மறந்தோம்.

உன் ஊரில் கள் இறக்குகிறவருக்கு 1969லேயே நல நிதிச் சட்டம் வந்தது, வயதானால் பென்ஷன் உண்டு. வாளையாறு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே அரிவாள், காலில் மாட்டி ஏறும் அதே தளைநார், ஆள் மட்டும் குற்றவாளி.

தண்டனை பெரிதாக இருக்காது, அபராதம் கட்டிவிட்டு வரலாம் என்கிறார் வக்கீல். பெரியப்பாவை வருத்துவது அதில்லை. "ஸ்டேஷன்ல பேரு எழுதிட்டாங்க, பேத்திக்கு வரன் பாக்குற நேரம்" என்றார். பெரியம்மா பதநீர் விற்கத் திண்டிவனம் ரோட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பானையைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்களாம், வெட்கமாக இருக்கிறதாம். மகன் செங்கல்பட்டுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மரத்தைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

வாய்தாதான் பெரிய தொல்லை. மிச்சமிருக்கும் மரங்களில் காலையும் மாலையும் பாளையைச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சொட்டு நின்றுவிடும். போன வாய்தாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே பஸ் ஏறினார். மாலை வரை உட்காரவைத்து அடுத்த தேதி கொடுத்து அனுப்பினார்கள். இருட்டிய பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார், நான் கீழே நின்றேன். இரண்டு மரம் காய்ந்துவிட்டது.

அடுத்த வாய்தா 22ஆம் தேதி. அன்று ஒரு நாள் மட்டும் ஏறிச் சீவ ஆள் தேடுகிறோம். சுற்று வட்டாரத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள், கேஸ் நடக்கும் தோப்பு என்றதும் மூன்று பேருமே தயங்குகிறார்கள். உன் பக்கம் தெரிந்தவர் யாராவது வருவார்களா? பஸ் செலவு, சாப்பாடு, கூலி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். தென்னை ஏறுகிறவர் வேண்டாம், பனை ஏறிப் பழகியவராகப் பார்.

அன்புடன்,
சேகர்