மும்பை செம்பூர் ஜன்னலில் இருக்கும் நான்கு தொட்டிகளுக்கு

பெங்களூரு,
மார்ச் 2

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு உன் நலமும் மாப்பிள்ளை, குழந்தை நலமும் அறிய ஆவல். நீ அனுப்பிய கள்ளிச் செடிப் படங்கள் நான்கையும் நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். காலையில் வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தேன். போனில் சொன்னால் அளவுகள் மாறிப்போகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

தூண்போல வளரும் செரியஸ் செடியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ இங்கிருந்து எடுத்துப் போனபோது இருந்த அடிப்பாகம் அதே பருமனோடு, அதே கரும்பச்சையோடு நிற்கிறது. அதற்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு அது விரல் பருமனாக ஒடுங்கி, வாழைக்குருத்தைப் போல வெளிறி, முள் கொத்துகளுக்கு இடையே இடைவெளி அகன்று, முட்களும் மயிரிழையாக மெலிந்து ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதைப் பசி என்று நினைத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் 19-19-19 உரத்தைக் கரைத்து ஒரு மாதமாக வாரந்தோறும் ஊற்றி வருவதாக எழுதியிருக்கிறாய். பிள்ளை இளைத்தால் தாய்க்கு முதலில் தோன்றுவது சோறுதான். உன் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செடிக்குக் குறைந்தது வெளிச்சம். எதிர்க் கட்டடம் எழும்பியதிலிருந்து காலை வெயில் உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை என்று நீயே பொங்கலின்போது சொன்னாய். வெளிச்சம் போதாத செடி அதைத் தேடி நீளும். அந்த நேரத்தில் உரத்தையும் கொடுத்தால், நீள்வதற்கான வேகம் கூடுமே தவிர உடலில் கெட்டி ஏறாது.

அந்தப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற வரிசையில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிக்கின்றன. பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் அவற்றின் ஆக்சைடு கணக்கில் போடுவார்கள். நைட்ரஜன் கணக்கு நேரடியானது. தேக்கரண்டி என்பது ஏறத்தாழ 5 கிராம். அதில் 950 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. நான் இங்கே என் தொட்டிகளுக்குக் கொடுப்பது ஒரு லிட்டருக்கு அரை கிராம், அதாவது 95 மில்லிகிராம் நைட்ரஜன்; அதுவும் மாதத்துக்கு ஒரு முறை, வளரும் மாதங்களில் மட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் நீ ஊற்றியது என் அளவைப்போல் பத்து மடங்கு. மாதக் கணக்கில் பார்த்தால் நாற்பது மடங்கு.

உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், அடியில் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டி கொள்ளும் அளவைப்போல் மூன்று மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடு. சேர்ந்திருக்கும் உப்பு பெரும்பாலும் அதிலேயே கரைந்து போய்விடும். பிறகு மண் அடிவரை காயும்வரை ஒரு சொட்டும் ஊற்றாதே. ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும். செடியை மேற்கு ஜன்னல் கிரிலுக்கு மாற்று. ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடாதே. நிழலில் பழகிய தோல் மாலை வெயிலில் வெந்து, பழுப்பு வடுவாகிவிடும். அந்த வடு பிறகு மாறாது. முதல் வாரம் ஒரு வெள்ளைத் துணித் திரைக்குப் பின்னால் வைத்துப் பழக்கு. மெலிந்த ஒரு சாண் இனி பருக்காது. ஏப்ரல் மாதத்து வறட்சியில் அதைக் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயை நிழலில் பத்து நாள் காயவிட்டு மணலில் நட்டால், அதுவே வேர்விட்டு இன்னொரு செடியாகும். அடிக்கட்டையும் பக்கத்தில் புதிதாகத் துளிர்க்கும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு, குடியரசு நாளை ஒட்டி லால்பாக்கில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு நாம் மூவரும் போய் வந்தபோது வாங்கிய கோல்டன் பேரல் என்ற உருண்டைக் கள்ளி உனக்கு நினைவிருக்கும். உன் கைமுட்டி அளவுதான் இருந்தது. பொன்னிற முட்கள் வரிசை கட்டி நின்றன. ஜூன் மாதம் மழை தொடங்கியதும், தோட்டத்து ரோஜாவுக்கு வாங்கிய யூரியாவில் அரைத் தேக்கரண்டி எடுத்து அதன் தொட்டியிலும் போட்டேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆறு வாரத்தில் அது கண்ணுக்குத் தெரியப் பருத்தது; நானும் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலையில் பார்த்தால், உச்சியிலிருந்து இடுப்புவரை விண்டிருந்தது. உள்ளே நறுக்கிய நீர்ப்பூசணியைப் போல வெள்ளைச் சதை நீர் கோத்து நின்றது. செய்தித்தாளை மடித்து அதைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினேன். வேர் வரவில்லை, செடி மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் கறுத்து, விரல் பட்டால் குழிந்தது. நைட்ரஜன் மிகுந்தால் சதை விரைவாகப் பெருகும், தோல் அதற்கு ஈடுகொடுக்காது. நீர் நிறைந்த இளஞ்சதை அழுகலுக்கும் மாவுப்பூச்சிக்கும் எளிதில் இடம் கொடுக்கும். அதற்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு நான் கொடுத்தேன் என்பதை இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

அதற்காகக் கள்ளிக்கு உரமே வேண்டாம் என்பவர்கள் பேச்சையும் கேட்காதே. பாலையில் எதுவும் இல்லாமலே வளர்கிறதே என்பார்கள். நிலத்தில் அதன் வேர் நாற்புறமும் மேலோட்டமாக நெடுந்தூரம் பரவித் தாதுக்களைத் தேடிக்கொள்ளும். ஆறங்குலத் தொட்டியில் தேடுவதற்கு இடமில்லை. நாம் ஊற்றும் ஒவ்வொரு தண்ணீரும் இருக்கும் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை வழியே கொண்டுபோய்விடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மண்ணை மாற்றுவது அதனால்தான். செம்மண் ஒரு பங்கு, பருமணலும் செங்கல் பொடியும் சேர்த்து இரண்டு பங்கு, நன்கு மட்கிய மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு தேக்கரண்டி எலும்புத்தூள். மண்ணை மாற்றிய பிறகு முதல் ஒரு மாதமாவது கரைத்த உரம் கொடுக்காதே. அறுபட்ட வேர் ஆற வேண்டும், புது மண்ணில் இருப்பதே அதற்குப் போதும்.

அம்மா கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவதையும், துளசிக்கும் மல்லிகைக்கும் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவதையும் பார்த்து வளர்ந்தவள் நீ. அந்தச் செடிகளுக்கு அது சரி. இவற்றின் மண்ணில் அந்தக் கஞ்சித் தண்ணீர் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும், சிறு ஈக்கள் முட்டையிடும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த தண்ணீரும் வேண்டாம். அதில் நைட்ரஜன் மிகுதி, அடுக்குமாடியில் அந்த நாற்றத்தை அண்டைவீட்டார் பொறுக்க மாட்டார்கள். உரத்தைச் செடியின் மேல் தெளிப்பதிலும் பயனில்லை. கள்ளியின் தோலில் உள்ள துளைகள் பகலில் மூடி, இரவின் குளிர்ச்சியில்தான் திறக்கும். மேலே மெழுகு பூசினாற்போன்ற படலமும் உண்டு. தெளித்த உரம் முட்களில் வெள்ளையாகப் படிந்து நிற்கும், அவ்வளவுதான். வேருக்குத்தான் கொடுக்க வேண்டும். அதுவும் முதல் நாள் மாலையில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு, மறுநாள் மாலையில் உரத் தண்ணீரை ஊற்ற வேண்டும். காய்ந்த வேரில் உப்பு நேராகப் பட்டால் வேர் நுனி கருகும்.

மாதக் கணக்கில்தான் உன் ஊரும் என் ஊரும் வேறுபடுகின்றன. இங்கே ஜூன், ஜூலையில்கூட மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கும். நான் தொட்டிகளைக் கூரைக்குக் கீழே நகர்த்திவிட்டு, மிகக் குறைவாக ஒரு முறை கொடுப்பதுண்டு. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். வானம் வாரக்கணக்கில் மூடியிருக்கும், ஊற்றிய தண்ணீர் காயாது. அந்த நான்கு மாதமும் உரம் கூடவே கூடாது, தண்ணீரும் தேவை பார்த்துத்தான். மார்ச், ஏப்ரல், மே முதல் பாதி, பிறகு வெயில் திரும்பும் அக்டோபர், நவம்பர் ஆகியவைதான் உன் மாதங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் நிறுத்திவிடு. இங்கே அந்த மாதங்களில் இரவு 15 டிகிரி அளவுக்குக் குளிர்வதால், உலர்ந்த ஓய்வுக்குப் பிறகு மாமிலேரியா என்ற சிறு கள்ளிகள் தலையைச் சுற்றி வளையம் கட்டிப் பூக்கின்றன. உன் ஊரில் அவ்வளவு குளிராது. ஆனாலும் உலர்ந்த ஓய்வு உன் மாமிலேரியாவுக்கும் வேண்டும்.

சிவப்புத் தலை ஒட்டுச்செடி விஷயம் தனி. அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது. தனக்கு வேண்டிய உணவைத் தானே செய்துகொள்ள அதனால் முடியாது. கீழே இருக்கும் முக்கோணப் பச்சைத் தண்டு டிராகன் பழக் கொடியின் துண்டு. அதுதான் இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சமைக்கிறது. ஆகவே நீ தலையைப் பார்க்காமல் தண்டைப் பார்த்துக் கொடு. தண்டு கெட்டியாகப் பச்சையாக இருந்தால் மற்றவற்றுக்குக் கொடுக்கும் அளவே போதும்.

பாட்டி வீட்டிலிருந்து வந்த பிரம்ம கமலத்தையும் மற்ற மூன்றோடு சேர்த்துக் கணக்கிடாதே. அதுவும் கள்ளிக் குடும்பம்தான், ஆனால் பாலையில் பிறந்ததில்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் தொற்றி, அங்கே மட்கும் சருகைத் தின்று வளர்வது. அதற்கு மட்டும் இலைமட்கு உரமும் மண்புழு உரமும் தாராளமாகப் போடலாம், மார்ச்சிலும் ஏப்ரலிலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை கிராம் கரைசலும் கொடுக்கலாம். மொட்டு கீழ்நோக்கி வளைந்து, பிறகு கொக்கின் கழுத்தைப்போல் மேலே நிமிரும்போது உரத்தை நிறுத்திவிடு. பூக்கும் அன்று மாலையிலேயே இதழ் நுனி லேசாகத் திறந்திருக்கும். எங்களுக்கு ஒரு வீடியோ அழைப்பு செய், அம்மா விழித்திருப்பாள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். அதனால் நான் மொட்டைமாடி மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கிறேன். மும்பைக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர், பெரும்பாலும் மென்மையானது. உனக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக்கூடாதென்று பிடித்துவைத்து இவற்றுக்கு ஊற்றாதே. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்.

உன் அத்தை மகன் வரும் வெள்ளிக்கிழமை உத்யான் எக்ஸ்பிரஸில் மும்பை வருகிறான். அவனிடம் அம்மாவின் மாங்காய்த் தொக்கோடு ஒரு சிறிய டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன். அதில் அரை கிராம் அரை கிராமாக நிறுத்துக் கட்டிய ஏழு பொட்டலங்கள் இருக்கும். ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதுவே நான்கு தொட்டிக்கும் சேர்த்து. ஒவ்வொன்றின் மேலும் எந்த மாதத்தில் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பிரம்ம கமலத்துக்கு மட்டும் கொடுக்க வேண்டிய இரண்டின் மேல் அதன் பெயரையும் எழுதியிருக்கிறேன். செரியஸுக்கு இந்த ஆண்டு அக்டோபர் வரை எதுவும் வேண்டாம். மார்ச் என்று எழுதிய பொட்டலத்தையும், மண் கழுவிக் காய்ந்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிய பிறகே பிரி.

அன்புடன்,
அப்பா