நெடுவழியானுக்குக் கோயில் வேண்டாம்

நம் கற்பனை உலகை எழுதித் தொகுத்துவரும் குழுவினருக்கு,

வணக்கம்.

பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் நம் ஆட்டத்தின் புதிய விதிநூலில், ஊர் ஊராக நடக்கும் கலைஞர்களின் தெய்வமான நெடுவழியானுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுதியவர்கள் நீங்கள். அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். தலைநகரில் அவருக்குக் கட்டியிருக்கும் பொற்கோயிலை எடுத்துவிடுங்கள். அவரிடமிருந்து பிரித்து அரண்மனைத் தேவியிடம் ஒப்படைத்த கலையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அடியார்கள் ஆண்டுக்கொரு முறை கோயிலுக்கு வந்து முத்திரை வாங்கினால்தான் வரம் பலிக்கும் என்ற விதியை நீக்குங்கள்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்து இந்த ஆட்டத்தை நடத்தி வருகிறேன். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள். கடைப்பலகை மலையாளம், வீட்டில் தமிழ், பகடை உருட்டும்போது இரண்டும் கலந்து வரும். அவர்களில் ஒரு பெண் எடுத்துக்கொண்ட பாத்திரம் பாவைக்காரி. தோளில் ஒரு மூட்டை, அதற்குள் தோல்பாவைகள், வேறு சொத்து கிடையாது. நெடுவழியானின் அடியார். மற்ற பிள்ளைகள் வாளும் வில்லும் வாங்கியபோது இவள் விளக்குக்கு எண்ணெய் வாங்கினாள்.

புதிய நூல் வந்த பிறகு நடந்த ஆட்டத்தில் கூட்டம் ஒரு சுங்கச் சாவடி வாசலில் மாட்டிக்கொண்டது. இரவு, மழை, கூட்டத்தில் ஒருவனுக்குக் காய்ச்சல். பழைய விதிப்படி பாவைக்காரி வாசலில் விளக்கேற்றி ஒரு கதை சொல்லலாம். காவலர்கள் கேட்கிறார்களா, எழுந்து போகிறார்களா என்று பகடை சொல்லும். கேட்டால் கதவு திறக்கும். அவள் மூட்டையைப் பிரித்துவிட்டாள். எந்தக் கதை என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். புது விதியை நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது: முத்திரை இல்லாதவருக்கு வரம் இல்லை, கதை சொல்லும் திறனும் இனி இந்தத் தெய்வத்தின் கணக்கில் இல்லை. "அப்ப நான் வாசல்லயே நிக்கணுமாண்ணா?" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மீதி ஆட்டம் முழுக்க அவள் பகடையைத் தொடவே இல்லை.

அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்கள். சூளை மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் பள்ளி மாறும். போன இடத்திலெல்லாம் டிசி எங்கே, முகவரிச் சான்று எங்கே என்று கேட்டு நிறுத்திவைத்ததை அவள் அனுபவித்தவள். அப்படி நிற்க வேண்டாத ஓர் இடம் அவளுக்கு நம் உலகத்தில் இருந்தது. யாரும் காகிதம் கேட்காத ஒரு தெய்வம் இருந்தார். அந்தத் தெய்வத்தின் வாசலிலும் காகிதத்தைக் கேட்டு எழுதிவைத்துவிட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

நெடுவழியானின் வரம் மற்றத் தெய்வங்களின் வரத்தைவிட அளவு மீறியது, அதனால் கட்டுப்பாடு தேவைப்பட்டது என்று உங்கள் முன்னுரை சொல்கிறது. பழைய பதிப்பை மறுபடி படித்துப் பாருங்கள். கட்டுப்பாடு அதிலேயே இருந்தது. கலை காட்டாமல் சோறு கிடையாது. ஒரே கூரையின் கீழ் மூன்றாவது இரவு தங்கினால் வரம் போய்விடும். தான் பெற்ற வழியை எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்குச் சொல்லாமல் மறைத்தால் அடுத்த ஊரில் நாக்கு எழாது. இந்த மூன்றாவது விதியைப்போல் அழகானது நம் நூலில் வேறெங்கும் இல்லை என்பேன். வாளுக்கும் மந்திரத்துக்கும் எத்தனை பக்கம் ஒதுக்கினாலும் அப்படி ஒரு வரி வாய்க்காது.

அது வானத்திலிருந்து வந்த யோசனையும் இல்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை, அதாவது வழிகாட்டி அனுப்பும் பாட்டு. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர்களான பொருநனும் பாணனும் கூத்தனும் எதிரே பசியோடு வருகிறவனை நிறுத்தி, இன்ன வழியில் போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கூத்தரை நன்னன் என்ற மன்னனிடம் அனுப்பும் மலைபடுகடாம் 583 அடி. அதில் பெரும்பகுதி வழிதான்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே, வழுக்கும் பாறை எங்கே, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்குவது. மன்னனைப் புகழ வந்த பாட்டு, நடக்கிறவனின் காலைப் பற்றி இத்தனை கவலைப்படுகிறது. நம் பழைய பதிப்பில் இந்தத் தெய்வத்தை எழுதியவர் யாராக இருந்தாலும் இதை அறிந்துதான் எழுதியிருக்கிறார்.

கலையையும் நடையையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் வந்து பார்த்தால் புரியும். பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்து நீங்கள் அறிந்ததே. தை தொடங்கி மழைக்கு முன்பு வரை, புலவர்கள் என்று அழைக்கப்படும் பாவைக் கலைஞர்கள் ஒரு பகவதி கோயிலின் கூத்து மேடையான கூத்துமாடத்திலிருந்து அடுத்த கூத்துமாடத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. மலையாள நாட்டில் விடிய விடியக் கம்பன் பாட்டு, தமிழில். காளி தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் இராம இராவணப் போரைக் காண முடியாமல் போயிற்றாம், அவளுக்காகத்தான் ஆடுகிறார்கள். நடுநிசிக்கு மேல் எதிரே ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். ஆனாலும் ஒரு பாட்டையும் விட்டுவிடாமல் பொருள் சொல்லிக்கொண்டே போகிற புலவரைக் கேட்டிருக்கிறேன். தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் போதும். அப்படிப்பட்ட கூத்தை இன்று ஒரு மணி நேரத்தில் முடித்துக் காட்டுங்கள் என்று மேடைக்கு மேடை கேட்கிறார்கள். 2021இல் தோல்பாவைக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ வந்தபோது பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையை விளக்குக்கான எண்ணெய்க்கும் வழிச்செலவுக்கும் மாற்ற யார் முன்வருகிறார்கள்? கலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுமந்து வந்த காலை மறந்துவிடுகிற வழக்கம் வெளியுலகில் ஏற்கெனவே இருக்கிறது. கற்பனை செய்யும் உரிமை உள்ள இடத்திலும் அதையே செய்ய வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நூலில் போர்த் தெய்வங்கள் எத்தனை, கோட்டைகளுக்கு எத்தனை வரைபடம்! போர் தன்னைத்தானே நினைவில் வைத்துக்கொள்ளும். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படைத் திருவிழா ஆண்டு தவறாமல் நடக்கிறது, கொங்குப் படையை வென்ற கதைக்காக. ஆனால் அதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாட்டையும் பாவையையும் சுமந்து போய் வந்தவர்களுக்கு ஒரு விழா இல்லை. எல்லைகளோ நிலையாக நின்றதும் இல்லை. சித்தூர் கொச்சி அரசரிடம் இருந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபாரில் இருந்தது, 1956இல் இரண்டும் கேரளமாயின. நடந்து போகிறவனுக்கு வழி அன்றும் இன்றும் ஒன்றுதான். அரசனையும் எல்லையையும் சுற்றியே உலகம் கட்டுகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊதியம் இல்லாமல் இரவுகளைச் செலவழித்து இந்த உலகை வளர்க்கிறவர்கள் நீங்கள் என்பதை நன்றியோடு நினைக்கிறேன். மலைக்குடிகளின் மொழிகளுக்கு இந்தப் பதிப்பில் நீங்கள் எழுதியிருக்கும் பகுதியை என் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த அக்கறையில் ஒரு பங்கைத்தான் இதற்கும் கேட்கிறேன்.

நெடுவழியானுக்கு நிலையான கோயில் வேண்டாம். கூத்து நடக்கிற இடம் அன்றிரவுக்கு அவர் கோயில், விளக்கை அணைத்ததும் அவர் கிளம்பிவிடுவார் என்ற பழைய வரிகளை அப்படியே மீண்டும் சேர்க்க வேண்டுகிறேன். கலையும் வழியும் ஒரே தெய்வத்திடம் இருக்கட்டும். அரண்மனைத் தேவிக்குப் பணி வேண்டுமென்றால் அரசவை நாகரிகம், ஆடை, அணிகலன் என்று நிறைய இருக்கிறது. முத்திரை விதி எந்த வடிவிலும் வேண்டாம்.

முழுத் திருத்தத்துக்கு நாளாகும் என்றால், அதுவரைக்கும் பழைய விதிப்படி ஆடலாம் என்று ஒற்றை வரி அறிவிப்பாவது வெளியிடுங்கள். அச்சுக்குப் போகும் பிரதியில் இந்தப் பகுதியைப் பார்த்துக்கொடுக்க ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன், பழைய பதிப்பின் பக்கங்களையும் கொண்டுவருகிறேன். எங்கள் ஆட்டம் அந்தச் சாவடி வாசலில்தான் நிற்கிறது. உங்கள் பதில் வரும்வரை அதை மேலே நடத்துவதாக இல்லை.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆட்ட நடத்துநர்