குறி தவறாத வீரனுக்கும் காதலில் வாய் குழறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேமுக்குக் கதை எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. களத்தில் மிடுக்காக நிற்கும் படைவீரன், காதல் காட்சி வந்ததும் வேறு ஆளாகிவிடுகிறான். ஒன்று அழுது தீர்க்கிறான். இல்லையென்றால் பஞ்ச் டயலாக்காகப் பேசித் தள்ளுகிறான்.

இதைச் சரியாக எழுதிக் காட்டியது பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2010இல் வெளிவந்த ‘மாஸ் எஃபெக்ட் 2’. அதில் வரும் கேரஸ் வக்கேரியன் தொலைவிலிருந்து குறி தவறாமல் சுடும் ஸ்னைப்பர். அதைச் சொல்லிக்காட்டவும் தயங்காதவன். ஆடுபவர் ஏற்கும் நாயகப் பாத்திரமான ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ தேர்ந்துகொள்ளலாம்; பெண் ஷெப்பர்டாக ஆடினால்தான் அவனோடு காதல் உண்டு. அதுவும் எடுத்த எடுப்பில் கிடைக்காது. தன் குழுவைக் காட்டிக்கொடுத்த சிடோனிஸைத் தேடிப்போகும் மிஷன் முதலில் முடிய வேண்டும். இந்த வரிசையில்தான் சூட்சுமமே இருக்கிறது. அவனுடைய கோபத்தையும் குற்ற உணர்ச்சியையும் ஆடுபவர் அந்த மிஷனிலேயே நேரில் பார்த்துவிடுகிறார். பிறகு காதல் காட்சியில் உட்கார்ந்து பழைய காயத்தை விளக்க வேண்டிய தேவை இல்லை.

முன்பு ஒரு கப்பலில் சக வீராங்கனையோடு மல்லுக்கட்டிய கதையை அவன் பெருமையாகச் சொல்வான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டே ஷெப்பர்ட் தன் விருப்பத்தைச் சொன்னதும் அவனுக்கு வாய் குழறும். இறுதிப் போருக்கு முன் ஒயின் பாட்டிலோடு அவள் அறைக்கு வரும்போதும் அதே தடுமாற்றம்தான். துப்பாக்கி பிடிக்கும் கை நடுங்குவதே இல்லை. பழகிய தொழில் தந்த தன்னம்பிக்கை, பழகாத இடத்தில் துணைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். ஆகவே காதல் வசனத்தைத் தொடுமுன் அவனுடைய களத்து வசனங்களை எழுதி முடித்துவிடுங்கள். அவன் எதில் கெட்டிக்காரன் என்பது தெரிந்தால்தான் எங்கே திணறுவான் என்பதும் தெரியும்.

பரிசு கொடுத்து நெருக்கத்தை ஏற்றும் முறை இப்படிப்பட்ட பாத்திரத்துக்கு ஒத்துவராது. 2009இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமில் பொருள்களைக் கொடுத்துக்கொண்டே போனால் புள்ளி ஏறும், இருவருக்கும் இடையே ஒன்றும் நடந்திருக்காது. காதலை மறுக்கும் தேர்வும் கட்டாயம் வேண்டும். மறுத்தபின் அவன் கௌரவம் குறையாமல் தோழனாகத் தொடர வேண்டும்.

கேரஸிடமும் ஒரு குறை உண்டு. புதிதாகப் பேச எதுவும் பதிவாகாத நேரத்திலெல்லாம் ‘காலிபிரேஷன் வேலை இருக்கிறது’ (கருவியைத் துல்லியமாகச் சரிசெய்யும் வேலை) என்றே அனுப்பிவிடுவான். ரசிகர்களிடம் அது கேலியாகவே நிலைத்துவிட்டது. கதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நான்கு குறுவசனங்களை மாற்றி மாற்றி வரும்படி எழுதிவைத்தால் இது நேராது. காதல் தொடங்கிவிட்டதா என்பதை அந்த வசனங்களும் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் நேற்றைய காதலியிடம் இன்று அறிமுகமில்லாதவன்போலப் பேசுவான்.

2012இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ மூன்றாம் பாகத்தில் கேரஸும் ஷெப்பர்டும் பாட்டில் சுடும் போட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஷெப்பர்டின் முறை வரும்போது, குறிபார்த்து அடிக்கலாம். வேண்டுமென்றே தவறவும் விடலாம். தவறவிட்டால், வென்ற பூரிப்பில் அவன் ஊருக்கே கேட்கும்படி கத்துவான். ‘நேசிக்கிறேன்’ என்ற சொல் செய்யும் வேலையை அந்தக் கத்தலே செய்துவிடுகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்